வானத்தைக் கணக்கெடுத்த பள்ளிப் பிள்ளைகள்

மலாயா விடுதலை பெற்ற அதே 1957ஆம் ஆண்டில், அக்டோபர் 4ஆம் நாள், சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை ஏவியது. 83.6 கிலோ எடையுள்ள அந்தக் கோள் 96 நிமிடத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றியது. அது அனுப்பிய 'பீப் பீப்' ஒலியைத் தக்க சிற்றலை வானொலி வைத்திருந்த பொதுமக்களும் கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்கள் என்ன சாதிக்க முடியும்? இங்கிலாந்தின் கெட்டரிங் நகரப் பள்ளி ஒன்றைப் பார்ப்போம். ஜெஃப்ரி பெர்ரி என்ற பௌதிக ஆசிரியர், 1960 முதல் தம் மாணவர்களோடு சோவியத் கோள்களின் ஒலியைக் கேட்டு நேரம் குறித்து வந்தார்.

கொழுந்து லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வரும்போது ஒலி கூர்மையாகக் கேட்கும். நம்மைக் கடந்ததும் தணிந்துவிடும். கோளின் ஒலியும் அப்படித்தான். அது மாறும் வேளையே கோள் நமக்கு மிக அருகில் வந்த வேளை. இத்தகைய குறிப்புகள் சேரச் சேரக் கோளின் பாதை தெரிந்துவிடும்.

1966இல் சில கோஸ்மோஸ் கோள்களின் பாதை புதிதாக இருந்தது. அவற்றைப் பின்னோக்கி வரைந்தபோது, கோடுகள் வட ரஷ்யாவில் பிளெசெட்ஸ்க் அருகே சந்தித்தன. இரகசிய ஏவுதளம் ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடம் உலகறியச் சொன்னது! சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983இல்தான்.

நம் நாடும் பின்தங்கவில்லை. மலை மைனாவின் மலாய்ப் பெயரைத் தாங்கிய தியோங்சாட் 2000 செப்டம்பர் 26இல் விண்ணேறியது. 2005இல் இந்தியா ஹாம்சாட்டை ஏவியது. இரண்டும் வானொலி ஆர்வலர்களுக்கும் பயன்பட்டவை.

வானொலிக் கருவி இல்லையென்றாலும் கண் இருக்கிறதே! தானா ராத்தாவில் மூடுபனி விலகிய நாளில், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து வானத்தைப் பாருங்கள். சிமிட்டாமல், ஓசையின்றி, சீராக நகரும் ஒளிப்புள்ளி பெரும்பாலும் செயற்கைக்கோளே. நமக்கு இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் படுகிறது. பூமியின் நிழலுக்குள் போனதும் அது மங்கி மறையும். விமானமானால் விளக்குகள் சிமிட்டும்.

நாள், மணி, திசை, எந்த விண்மீன் அருகே சென்றது என்பவற்றைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். கொழுந்து நிறுவைக் கணக்கில் ஒரு நாள் வரி அதிகம் சொல்வதில்லை. மாதக் கணக்குத்தான் உண்மையைக் காட்டும். கெட்டரிங் பிள்ளைகள் வென்றதும் அப்படி விடாமல் எழுதி வைத்ததால்தான்.