மூக்குக்குப் பின்னால் ஒரு சரித்திரம்

‘வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறான் பாரு, மந்தம்!’ - நம் ஊர் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் திட்டு. திட்டியவருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்ட பையனுக்கும் தெரியாது... பல சமயம் கோளாறு மூளையில் இல்லை, மூக்குக்குப் பின்னால் இருக்கிறது!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் புகழ்பெற்ற செப்பேடு இந்த ஊருடையது. கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தை அதில் பங்கு பங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பங்கு எதற்குத் தெரியுமா? கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு! மைக் இல்லாத காலம். ஊர் கேட்க உரக்கப் படிக்க வேண்டும் என்றால், படிப்பவருக்கு மூச்சுதான் மூலதனம். மூச்சின் அருமை நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருமூலர் பிராணாயாமத்துக்குத் தனிப்பகுதியே ஒதுக்கியிருக்கிறார்.

சரி, மூக்கே அடைத்துக்கொண்ட குழந்தை என்ன செய்யும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதை, கடல் கடந்து நடக்கிறது.

முதல் ஆள் டாக்டரே அல்ல, ஓவியர். பெயர் ஜார்ஜ் காட்லின். அமெரிக்காவில் வக்கீல் தொழிலை உதறிவிட்டு, 1830-களில் செவ்விந்தியக் குடியிருப்புகளில் சுற்றிச் சுற்றிப் படம் வரைந்தவர். அங்கே ஒரு காட்சி அவரைக் கவர்ந்தது. தூங்கும் குழந்தையின் வாய் திறந்தால், தாய் மெதுவாக அந்த உதடுகளைச் சேர்த்து மூடிவிடுவாள். காட்லின் தன் தூக்கத்தையும் அப்படியே பழக்கிக்கொண்டார். 1862-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். பிறகு வந்த பதிப்பின் தலைப்பு, ‘வாயை மூடு, உயிரைக் காப்பாற்றிக்கொள்’ என்கிற ரீதியில் இருந்தது! ஏறக்குறைய எல்லா நோய்க்கும் வாய் மூச்சே காரணம் என்று அவர் அடித்துவிட்டது ரொம்ப ஓவர். ஆனால், கவனித்த விஷயம் உண்மை.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் மேயர். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் டாக்டர். காது மந்தம், மூக்கடைத்த பேச்சு என்று ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். மேயர் விரலை வாய்க்குள் விட்டு, உள்நாக்குக்கு மேலே, மூக்கின் பின்வாசலைத் தடவிப் பார்த்தார். மெத்தென்று சதை! 1868-ல் அதைப் பற்றி எழுதினார். இன்று ‘அடினாய்டு’ என்று நாம் சொல்வது இதைத்தான். மூக்கு வழியாக விட்டுச் சுரண்டி எடுக்க, வளையம் போன்ற ஒரு கத்தியையும் உருவாக்கினார். அவர் இறந்த பின் 1898-ல் கோபன்ஹேகனில் சிலை வைத்தார்கள்.

அடினாய்டு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. கிருமிகளைத் தடுக்கும் காவல்காரன். சில வருடம் வளரும், பதின்வயதில் தானாகச் சுருங்கும். அளவுக்கு மீறி வீங்கினால்தான் வம்பு. மூக்கின் பாதை அடைபட்டு வாய் திறக்கிறது. பக்கத்திலேயே காதுக்குப் போகும் குழாயின் வாய். அதுவும் அடைபட்டால் காதுக்குள் நீர் கோத்து, கேட்கும் திறன் குறையும். ராத்திரி குறட்டை, அரைகுறைத் தூக்கம். காலையில் வகுப்பில் சொக்கும். டீச்சர் கேட்டது காதில் விழாது. பிறகென்ன... ‘மந்தம்’ பட்டம்தான்!

வைத்தியம் தெரிந்ததும் உலகம் கத்தியைத் தூக்கியது. விளைவு, 1906 ஜூனில் நியூயார்க்கில் ஒரு கலவரம்! ஏழை யூதக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியின் பள்ளிகளில், பிள்ளைகளுக்கு அடினாய்டு அறுவை செய்தார்கள். ‘டாக்டர்கள் குழந்தைகளின் கழுத்தை அறுக்கிறார்கள்’ என்று வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள். கல்வீச்சு, போலீஸ்! சிரிக்கத் தோன்றலாம். ஆனால், அதே மாதம்தான் ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டாக் நகரில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தியோடு வாழ்ந்த தாய்க்கு, பிள்ளையின் வாயில் ரத்தத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? வைத்தியம் சரிதான். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லாததுதான் தப்பு.

விஞ்ஞானம் பிறகும் தொடர்ந்தது. எகில் ஹார்வோல்டு என்ற ஆராய்ச்சியாளர் குரங்குக்குட்டிகளின் மூக்கை அடைத்து வைத்துப் பார்த்தார். பாவம், அவற்றின் தாடையும் பல்வரிசையும் கோணிப்போயின. 1981-ல் வெளியான முடிவு இது. மூக்கு வெறும் குழாயல்ல என்பதும் தெரியவந்தது. காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. போதாததற்கு, ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு வேறு அங்கே உற்பத்தியாகிறது!

கத்திதான் ஒரே வழியா? இல்லை. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தூக்கத்தில் மூச்சுத் தடைபட்ட 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஏழு மாதத்தில், டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தவர்களில் 79 சதவிகிதம் பேருக்குத் தூக்க மூச்சு சீரானது. அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவிகிதம் பேருக்குத் தானாகச் சரியாகியிருந்தது. அறுவை செய்த பிள்ளைகளின் நடத்தையும் நிம்மதியும் மேம்பட்டன. ஆனால், கவனத்தை அளக்கும் பரீட்சையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, சதையை எடுத்தால் பையன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணமும் எப்போதும் அடினாய்டு அல்ல. தூசி, விறகுப்புகை, அலர்ஜி, வளைந்த மூக்குத் தண்டு, அடைப்பு போன பிறகும் விடாத பழக்கம் என்று பல உண்டு. அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் மருந்து, குறுகிய மேல்தாடைக்குப் பல் டாக்டரின் கிளிப் என்று வைத்தியமும் மாறும். சமீபத்தில் இன்டர்நெட்டில் பிரபலமான, ‘வாயில் டேப் ஒட்டித் தூங்கு’ யோசனை மட்டும் குழந்தைகளிடம் வேண்டவே வேண்டாம். மூக்கு அடைத்திருக்கும்போது வாயையும் ஒட்டினால்?

2013-ல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிச் சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் 30 குறைபாடுகள் இருந்தன. காது கேளாமை உண்டு, சொத்தைப்பல் உண்டு. வாய் மூச்சுக்குத் தனி இடம் இல்லை. எனவே, கூரமோ கோயம்பேடோ, முதல் பரிசோதனையை வீட்டில்தான் செய்ய வேண்டும். செலவு பைசா இல்லை. சளி, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து, குழந்தை தூங்கியபின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். வாய் திறந்திருக்கிறதா, குறட்டை வருகிறதா, மூச்சு நடுவில் நின்று நின்று போகிறதா? பல நாள் இப்படி என்றால், காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

அதுவரை அந்த ‘மந்தம்’ விஷயத்தில், வாயை மூட வேண்டியது நாம்தான்!