விமான மாதிரி: மண்டகப்பட்டுப் பாறையும் பிளாஸ்டிக் இறக்கையும்

தமிழில் விமானம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கருவறையின் மேல் எழும் கட்டுமானமும் விமானம். வானில் பறப்பதும் விமானம். இரண்டையும் சிறிதாக்கி மாதிரி செய்யும் வேலைக்கு வரலாறு இருக்கிறது. மாமல்லபுரத்தில் ரதங்கள் என்று அழைக்கப்படும் ஒற்றைக்கல் கோயில்கள், மரத்தாலும் செங்கல்லாலும் அக்காலத்தில் எழுந்த கட்டடங்களின் கல் மாதிரிகள். குடிசைக் கூரை, வண்டிக் கூரை, யானையின் பின்புறம்போல் வளைந்த கூரை, அடுக்கு விமானம் என ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த மாதிரிகளைச் செதுக்கிய கைகளுக்கு முன்னோடியான கைகள் செஞ்சி வட்டாரத்தில்தான் உளி பிடித்தன.

விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டியுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டம்) செய்வித்த இடம் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு அறிவிக்கிறது. லக்ஷிதாயதனம் என்பது அதன் பெயர். பல்லவர் குடைவரைகளில் முதலாவதாக அறிஞர் பலரும் கொள்வது இதையே.

அந்த முகப்பைப் பார்ப்பவருக்கு முதலில் படுவது அதன் எளிமை. கனத்த தூண்கள்: மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இரு ஓரங்களிலும் வாயிற்காவலர். உள்ளே மூன்று கருவறைகள். பூவேலை இல்லை, அடுக்கு இல்லை, தோரணம் இல்லை. அதிகம் தள்ளியிராத தளவானூரில், அதே மன்னன் குடைந்த சத்ருமல்லேசுவரத்தில்தான் முகப்பின்மேல் மகர தோரணம் வருகிறது. நூறாண்டு கழித்துப் பனமலையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் கற்களை அடுக்கியே முழுக்கோயில் கட்டுகிறான். பெரிய பரப்பு, குறைந்த உறுப்பு, நேர்கோடு என்று தொடங்கியவர்கள், கை பழகப் பழக நுணுக்கத்துக்குப் போனார்கள். இன்று பிளாஸ்டிக் விமான மாதிரியை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கும் இதே வரிசைதான் பொருந்தும். ஆனால் மாதிரி விமானத் தொழில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவரை வேறு வழியில் அனுப்பியது.

பறக்கும் மாதிரி, ஆளைத் தூக்கிச் சென்ற விமானத்துக்கும் மூத்தது. 1871இல் பாரிஸின் துய்லரீ தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ, முறுக்கிய ரப்பர் பட்டையால் இயங்கும் சிறு விமானத்தை 11 வினாடி பறக்கவிட்டார். அது சுமார் 40 மீட்டர் சென்றது. பெனோவின் வழியில் செய்யப்பட்ட ரப்பர் பட்டைப் பொம்மை ஒன்று சிறுவயதில் கையில் கிடைத்ததே தங்கள் ஆர்வத்தின் தொடக்கம் என்று பின்னாளில் ரைட் சகோதரர்கள் கூறினார்கள். 1910 மார்ச்சில், சென்னை மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகா தீவுக்காரர் ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ், வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தில் தாமே ஒரு விமானம் செய்வித்து நகர மக்கள்முன் பறந்து காட்டினார். அக்காலத்தில் விமானம் என்பது மரச்சட்டமும் துணியும் கம்பியும்தான். முழு விமானத்தையும் மாதிரி விமானத்தையும் ஒரே தச்சர் செய்துவிட முடிந்தது.

அலமாரியில் வைக்கும் மாதிரி தனித் தொழிலானது 1930களில். இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரத்தில் செய்த கிட்கள் (சேர்த்து ஒட்டும் பாகங்களின் தொகுப்புகள்) வந்தன. ஆறடி உயர மனிதனை ஓர் அங்குலமாக்கும் அளவை, அதாவது 1/72ஐ, அவை பரப்பின. 1936இல் ஃப்ராக் நிறுவனம் அதே அளவில் பிளாஸ்டிக் கிட்களைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பறப்பவை, இவை பறக்காதவை. ஆகவே பறக்காத பறவையின் பெயரைச் சூட்டி 'பெங்குவின்' என்று விற்றார்கள். அன்று கிடைத்த செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் கோணிக்கொள்ளும் குணமுள்ளது. அதனால் அந்த மாதிரிகளில் ஒழுங்காக எஞ்சியவை குறைவு.

இரண்டாம் உலகப்போர் 1/72க்கு அசைக்க முடியாத இடத்தைக் கொடுத்தது. வானில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று கண நேரத்தில் சொல்ல வீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஐந்து லட்சம் மர மாதிரிகள் கேட்டு அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் வேலையைக் கொடுத்தது. கறுப்பு வண்ணம் பூசிய அந்த மாதிரியை 30 அடி தள்ளிப் பிடித்தால், 2,160 அடி தூரத்தில் உண்மை விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். அளவு என்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு இல்லை.

இந்தக் கணக்கைச் செஞ்சிக்காரர் ஒருவர் ராஜகிரியை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். கோட்டை நிற்கும் அந்த மலை ஏறத்தாழ 800 அடி. 1/72இல் செய்தால் 11 அடி உயரம், ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடும். 1/48இல் பதினாறரை அடிக்குச் சற்று மேல். 1/32இல் 25 அடி. 1/24இல் 33 அடி, மூன்று மாடி வீட்டின் உயரம். பின்னத்தின் கீழே உள்ள எண் குறையக் குறைய மாதிரி பெரிதாகும். கடையில் முதன்முறை நிற்பவர் தடுமாறும் இடம் இதுதான்: 72 பெரிய எண், ஆனால் சிறிய விமானம்.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் எஃகு அச்சும் சேர்ந்து இந்தத் தொழிலை மாற்றின. ஹங்கேரியிலிருந்து வந்து லண்டனில் 1939இல் நிக்கோலஸ் கோவ் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளும், பிறகு சீப்புகளும் செய்து விற்றது. 1949இல் ஃபெர்குசன் டிராக்டரின் விளம்பரத்துக்காக ஒரு மாதிரி செய்தது. 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் வந்தது. உல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையால், பெட்டியைக் கைவிட்டுப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே ஒரு காகித அட்டையை மடித்துக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 1/72இல் வந்தது. பள்ளிப் பையன் கைச்செலவுக் காசில் வாங்கக்கூடிய விலை என்பதே அந்தப் பொருளின் உருவத்தை முடிவு செய்தது. சிறிய அச்சு, குறைந்த பிளாஸ்டிக், சிறிய பை.

ஒரு தவறான எண்ணம் அங்கேதான் வேர் பிடித்தது. மலிவானது குழந்தைகளுக்கு, குழந்தைகளுக்கானது எளிது, ஆகவே சிறியது எளிது. உண்மை வேறு. ஓர் அங்குலக் கனமுள்ள கம்பி 1/72இல் 0.35 மில்லிமீட்டர்; பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போதே முறியும். 1/32இல் அது 0.8 மில்லிமீட்டர்; விரலால் பிடிக்கலாம். இறக்கையை ஒட்டும்போது கை ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 1/72இல் அது உண்மை விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிசகு; 1/32இல் மூன்று சென்டிமீட்டர்தான். பழகாத கையை மன்னிக்கும் குணம் பெரிய அளவுக்கு உண்டு. நாற்பது வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வருபவர்களின் கண்ணுக்கும் அதுவே ஏற்றது.

பெரிய அளவுகள் வந்த பாதை வேறு. கட்டடக் கலைஞர்கள் கால் அங்குலத்தை ஓர் அடியாகக் கொண்டு வரைபடம் போடுவதிலிருந்து 1/48 பிறந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதைப் பரப்பின. பின்னர் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா அதை நுட்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோனது. 1960களின் இறுதியில் ரெவெல் 1/32 வரிசையைத் தொடங்கியது. 1970இல் ஏர்ஃபிக்ஸ் தன் ஸ்பிட்ஃபயரை 1/24இல் வெளியிட்டது. இறக்கை முனையிலிருந்து முனைவரை 1/72 ஸ்பிட்ஃபயர் 15.6 சென்டிமீட்டர், 1/48 ஸ்பிட்ஃபயர் 23.4, 1/32 ஸ்பிட்ஃபயர் 35, 1/24 ஸ்பிட்ஃபயர் 47. முதலாவதைவிடக் கடைசியானது நீளத்தில் மூன்று மடங்குதான். கன அளவில் 27 மடங்கு. பெட்டியின் விலையும் பாகங்களின் எண்ணிக்கையும் ஏறியது இதனால்தான்.

அளவு பெரிதாவது மட்டும் போதாது என்பதையும் அந்த வரலாறே காட்டுகிறது. இடம் கிடைத்தவுடன் தயாரிப்பாளர்கள் எஞ்சினையும், துப்பாக்கி அறையையும், மடங்கும் சக்கரத்தையும் உள்ளே நுழைத்தார்கள். 1/24 ஒன்றைத் திறந்தால் சட்டம் சட்டமாக நூற்றுக்கணக்கான பாகங்கள் கொட்டும். முதல் மாதிரிக்கு அது சுமை. பரப்பு பெரிதாக இருக்க வேண்டும், உறுப்பு குறைவாக இருக்க வேண்டும்: மண்டகப்பட்டுத் தூணின் இலக்கணம் அது. ஒரே எஞ்சின், உடலின் அடியில் பொருந்தும் இறக்கை, மூடிய விமானி அறை உள்ள விமானம் அதற்குப் பொருத்தம். இரட்டை இறக்கை விமானங்கள் பார்க்க அழகு. ஆனால் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் குச்சிகளை நேராக்குவதிலும் கம்பி இழுப்பதிலும் பழகியவரே திணறுவார். குண்டுவீச்சு விமானங்களில் கண்ணாடிப் பாகங்கள் அதிகம். ஒட்டிய தடம் ஒவ்வொன்றும் வெளியே தெரியும்.

வேலை நடக்கும் விதத்தை அருகில் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பாகத்தைச் சட்டத்திலிருந்து முறிக்கக் கூடாது. கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை ஒட்டுவதில்லை. இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் மெல்ல உருக்கி ஒன்றாக்குகிறது. அதனால் கொஞ்சமே போதும். உடலின் இரு பாதிகளைச் சேர்த்தபின் நடுவில் ஒரு கோடு தெரியும்; அங்கே பட்டி வைத்துத் தேய்த்தால் மறையும். 1/32இல் இந்தக் கோடு நீளம், மறைக்க நேரமாகும். பெரிய அளவு கேட்கும் விலை அது. கண்ணாடி மூடிக்கு உடனடிப் பசையைத் தொடவே கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி பால்போல் வெளுத்துவிடும். அங்கே ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும். முன்சக்கரம் உள்ள ஜெட் விமானமாக இருந்தால், உடலை மூடுமுன் மூக்கில் சிறு நட்டுகளைப் போட்டுப் பசையிட வேண்டும். மறந்தவரின் விமானம் வாலை ஊன்றி, மூக்கை வானத்துக்குத் தூக்கி உட்கார்ந்துவிடும்.

இந்தியாவில் இந்தக் கலை வேரூன்றியது பெரும்பாலும் பறக்கும் மாதிரிகள் வழியாக. கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் கிட்களை விற்றது. 1950இல் தொடங்கிய தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, மாதிரி விமானம் செய்வதைப் பயிற்சியில் சேர்த்தது. கையால் வீசும் கிளைடரில் தொடங்கி, கம்பியில் சுற்றும் விமானம், ரேடியோவில் இயங்கும் விமானம் என்று மாணவர்கள் படிப்படியாக ஏறினார்கள். அசையாத மாதிரியும் அதில் ஒரு பிரிவு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பார்வைக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் அப்துல் கலாமை வானூர்தித் துறைக்கு இழுத்தன என்பதும் இதே வரலாற்றின் பக்கம்தான். அருகில் நின்று ஒரு விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது எவ்வளவு பெரிய பாடம் என்பதற்கு அது சான்று.

இந்திய விமானப்படையின் சின்னத்தோடு முதல் மாதிரியைச் செய்ய விரும்புவோருக்கு மூன்று விமானங்கள் கண்முன் நிற்கின்றன. நாட், 1965, 1971 போர்களில் பேர்பெற்ற சிறு ஜெட். அதை 1/48இல் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்டது, ஆனால் பெட்டிக்குள் இருப்பது இருவர் அமரும் பயிற்சி விமானம். இந்தியா போரில் ஓட்டியது ஒருவர் அமரும் வகை. வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை சேவையில் இருந்த மிக்-21, குழாய்போன்ற உடலும் முக்கோண இறக்கையும் கொண்டது. வடிவம் எளிது, 1/32இலும் கிடைக்கும். ஆனால் வெள்ளி வண்ணம் சிறு கீறலையும் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது ஸ்பிட்ஃபயர். உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் இந்தியப் படைப்பிரிவுகளும் அதைப் பறக்கவிட்டன. வாலில் சிறு சக்கரம் உள்ளதால் மூக்கில் எடை வேண்டாம். மேலே பச்சையும் பழுப்புமான வண்ணம் சிறு தவறுகளை மறைக்கும்.

முதல் விமானத்தை 1/48 ஸ்பிட்ஃபயராக எடுத்துக்கொள்வதே சரி. டாமியா 2018இல் புதிய அச்சில் கொண்டுவந்த முதல் வகை ஸ்பிட்ஃபயரின் பாகங்கள் பட்டிக்கு வேலை வைக்காமலே பொருந்துகின்றன. அதை முடித்தவர் 1/32க்குப் போகலாம். 1/24 பெட்டியை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.