நன்கொடையாளருக்காக வரையப்பட்ட உடுவில் சிறுமி

பிரெஞ்சு ஓவியர் வில்லியம் புகெரோ தீட்டிய கிராமத்துச் சிறுமிகள் பெரும்பாலும் வெறுங்காலோடு இருப்பார்கள். ஆனால் அந்தக் கால்களில் புழுதி இராது, கைகளில் காய்ப்பு இராது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை விரும்பி வாங்கியவர்களில் அமெரிக்கச் செல்வந்தர் பலர். ஏழ்மை அவர்களின் வரவேற்பறைக்கு ஏற்றபடி அழகாக்கப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணச் சிறுமியை அமெரிக்கருக்கு எழுத்தால் வரைந்து காட்டும் வேலை தொடங்கிவிட்டது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை அமைத்தது. பொறுப்பேற்றவர் ஹரியற் வின்ஸ்லோ. பிள்ளைகளின் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். கொடுத்தவர் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. அதே மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்களில் அந்த வழக்கத்தை இன்றும் காணலாம். தான் பெயரிட்ட பிள்ளை எப்படி இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பணத்தோடு சேர்ந்தே வந்தது என்பது என் வாதம். இருளில் பிறந்தவள், உரிமை ஏதுமற்றவள், மிஷன் வீட்டில் அடக்கமும் பக்தியும் கற்று ஒளி பெற்றவள் என்ற சித்திரம் அந்த எதிர்பார்ப்புக்கு அளவெடுத்துத் தைத்தது.

ஊரின் சட்டமோ வேறு கதை சொல்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமைப்படி தாயின் சீதனம் பெண்மக்களைச் சேர்ந்தது. கணவனின் சம்மதமின்றிக் காணியை விற்க முடியாது என்பதும், காணியே இல்லாத குடும்பங்கள் ஏராளம் என்பதும் உண்மைதான். ஆயினும் சொத்துக்கு உரியவளாகப் பெண்ணைக் கண்ட சமூகம் அது. மிஷனுக்கும் இது தெரிந்தே இருந்தது. கிறிஸ்தவரை மணக்கும் மாணவிகளுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. பிள்ளையை உடுவிலுக்கு அனுப்பிய பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்களா?

அந்தச் சித்திரம் இல்லையென்றால் பணம் வந்திராது, பணமின்றிப் பாடசாலை இல்லை என்பார்கள். மறுக்கமாட்டேன். எழுத்தறிவுக்கு வழியே இல்லாத பெண்பிள்ளைகளுக்கு உடுவில் தந்தது பெரிய கொடை. அங்கேயே உழைத்து 1833இல் இறந்த ஹரியற்றின் அன்பையும் நான் ஐயுறவில்லை. ஆனால் பாடசாலையின் நன்மை சித்திரத்தின் உண்மைக்குச் சாட்சியாகாது. 1840 முதல் 1879 வரை அங்கே பணியாற்றிய எலைசா அக்னியூவை ஆயிரம் மகள்களின் தாய் என்று போற்றினார்கள். தாயின் பெயர் நிலைத்தது, மகள்கள் எண்ணிக்கையாகவே நின்றார்கள். அவர்களைத் தேடுபவர் மிஷன் அறிக்கைகளோடு நிறுத்தாமல் பழைய சீதன உறுதிகளையும் புரட்டவேண்டும். அங்கே மணமகளின் பெயரும் அவளுக்குக் கிடைத்த காணியின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். எந்த நன்கொடையாளரின் மனம் குளிர்வதற்காகவும் எழுதப்பட்டவை அல்ல அவை.