பட்டியலும் அதன் குறிப்பும்: பார்வையற்றோருக்கான அரசுப் பணியிடங்களை இனங்காணும் முறை பற்றிய மறுவாசிப்பு

இந்தியாவில் பார்வையற்றோர் அரசுப் பணிக்குள் நுழைந்த வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரே கோட்டில் நின்றே எழுதியுள்ளனர். 1977-இல் சி, டி பிரிவுப் பணிகளில் தொடங்கிய இடஒதுக்கீடு 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தால் எல்லாப் பிரிவுகளுக்கும் விரிந்தது. அதை முடக்கிவைத்த அரசுத் துறைகளின் போக்கை உச்ச நீதிமன்றம் 2010, 2013 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளால் முறியடித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெற்றிக்கு நிலையான வடிவம் தந்தது என்பது அந்தக் கோடு. இவ்வரலாற்றில், எந்தெந்தப் பணியிடங்களைப் பார்வையற்றோர் வகிக்கலாம் என்று வரையறுக்கும் பட்டியல் காலத்தில் வெளிவராத ஒரு கோப்பாக, அதாவது வெறும் நிர்வாகத் தாமதமாக, மட்டுமே இடம்பெறுகிறது. பட்டியல் எப்போது வந்தது என்பது கேட்கப்பட்ட அளவுக்கு, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது கேட்கப்படவில்லை. நீதிமன்றங்கள் எத்தனை இடங்கள் என்பதைத் தீர்த்துவைத்தனவே தவிர எந்த இடங்கள் என்பதை அந்தப் பட்டியலின் பொறுப்பிலேயே விட்டுவிட்டன என்பதும், பட்டியலின் அட்டவணையைவிட அதனுடன் இணைந்த குறிப்பே சட்ட நோக்கில் வலுவானது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு ஒதுக்கீட்டுக்குரிய பணியிடங்களை இனங்காணுமாறு அரசைப் பணித்தது. 33-ஆம் பிரிவு குறைந்தது 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டையும், அதில் பார்வையின்மை அல்லது குறைபார்வை உடையோருக்கு 1 விழுக்காட்டையும் வகுத்தது. இனங்காணும் வேலை முடியாமல் ஒதுக்கீட்டுக் கடமையே எழாது என்று மத்திய அரசு வாதிட்டது. முன்பணியைச் செய்யாமல் இருந்துவிட்டு அதையே காரணம் காட்டிப் பின்பணியைத் தட்டிக்கழிக்க இயலாது என 2010-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. 2013 அக்டோபர் 8 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, ஒதுக்கீட்டை இனங்காணப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடாமல், பணித்தொகுதியின் மொத்தக் காலியிடங்களிலிருந்து கணக்கிட வேண்டும் என்றது. இவை பெரிய வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நூறு காலியிடங்களுக்கு ஒன்று என்று கணக்கிட்ட பிறகு, அந்த ஒன்று எந்த மேசைக்கு முன்னால் இருக்கும் என்ற கேள்விக்கு விடை மீண்டும் பட்டியலிலேயே தேடப்படுகிறது.

பட்டியலின் அமைப்பு தனியே நோக்கத் தக்கது. 2021 ஜனவரி 4-ஆம் நாளிட்ட மத்திய அறிவிக்கை நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 3,566 பணிப்பெயர்களை அடுக்குகிறது. ஒவ்வொரு பணிப்பெயருக்கும் எதிரே பணியின் தன்மை, பணிச்சூழல், ஏற்ற குறைபாட்டு வகை ஆகியவற்றோடு, செயல்பாட்டுத் தேவை என்ற ஒரு நிரலும் உண்டு. உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், விரல்களால் கையாளுதல், பார்த்தல், கேட்டல், படித்தலும் எழுதுதலும் என மனித உடலின் வினைகள் அந்நிரலில் ஓரிரு எழுத்துக் குறியீடுகளாகச் சுருங்கி நிற்கின்றன. ஒரு பணியை அதன் நோக்கத்தாலோ விளைவாலோ அளக்காமல், அதைச் செய்யும் உடலுறுப்பால் அளக்கும் இம்முறை தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு நெடுநாள் பழகியது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த இந்தியப் படைவீரர்களுக்காக 1943-இல் டேராடூனில் நிறுவப்பட்ட மறுவாழ்வு இல்லமும், அதன் தொடர்ச்சியாக 1950-இல் அங்கேயே உருவான வயது வந்த பார்வையற்றோர் பயிற்சி மையமும், நாட்டின் பிற பயிற்சி நிலையங்களும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், நெசவு முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தன. பின்னர்த் தொலைபேசி இணைப்பக இயக்குநர் பணிக்கும் பயிற்சி பரவியது. கண் வேண்டாத வேலை எது என்ற தேடலே இத்தொழில்களைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சித் திட்டத்திலிருந்து பட்டியலுக்கு நேரடி ஆவணத் தொடர்ச்சி உண்டு என்று உறுதிபடக் கூறுவது மிகையாகலாம். ஆயினும் இரண்டும் கேட்கும் கேள்வி ஒன்றே. தானியங்கி இணைப்பகங்கள் வந்து தொலைபேசி இயக்குநர் பணி அருகியபோது, அக்கேள்வியைக் கொண்டு தேர்ந்த தொழில் எவ்வளவு எளிதில் மறையும் என்பதும் தெரியவந்தது.

படித்தலும் எழுதுதலும் என்ற குறியீட்டை மட்டும் சற்று நெருங்கி நோக்கினால் முறையின் குறை புலப்படும். படித்தல் என்பது இங்கு பணியாளரின் உடலில் உறையும் ஆற்றலாகக் கொள்ளப்படுகிறது. திரைவாசிப்பான், அதாவது கணினித் திரையிலுள்ள எழுத்தை ஒலியாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் மென்பொருள், பரவிய பின் அக்கருத்து நிற்பதில்லை. தமிழ் அலுவலகச் சூழலே இதற்குத் தக்க சான்று. யூனிகோடில் தட்டச்சிட்ட ஒரு சுற்றறிக்கையைத் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கிறது. அதே சுற்றறிக்கை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் உண்மையில் ஆங்கில விசைகளின் வரிசையாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், மென்பொருளின் குரல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஒப்பிக்கும். கையொப்பமிட்ட தாளை வருடிப் படமாகப் பதிவேற்றிய அரசாணையில் படிக்க எழுத்தே இராது. மூன்று நிலையிலும் பணியாளர் ஒருவரே, அவர் பார்வையும் ஒன்றே, மாறியது கோப்பு. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதையும் இங்குச் சேர்த்து நோக்க வேண்டும். படிக்க இயலாமை கோப்பை உருவாக்கிய அலுவலகத்தின் குறையாக இருக்க, பட்டியல் அதைப் பணியாளரின் பெயரில் எழுதுகிறது.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் பட்டியலை மறுஆய்வு செய்யுமாறு கூறிய 32-ஆம் பிரிவு, தொழில்நுட்ப வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு அதைச் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துக் கூறியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு மூன்றாண்டு வரம்பைத் தக்கவைத்து, மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதித்துவம் கொண்ட வல்லுநர் குழுவையும் கட்டாயமாக்கியது. தொழில்நுட்பம் பற்றிய தொடர் மட்டும் அதில் காணப்படவில்லை. விடுபட்டது தற்செயலாக இருக்கலாம். நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தரும் கடமையை 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்கள் மீது சுமத்துவதால் அத்தொடர் தேவையற்றதாகக் கருதப்பட்டிருக்கலாம். ஆனால் அவ்விரு பிரிவுகளின் வேலை வெவ்வேறு: ஏற்பாடு பணிக்கு வந்தவருக்குக் கிடைப்பது, பட்டியல் பணிக்கு வரும் வாயிலைக் காப்பது.

இனி, ஆய்வாளர் பலர் கடந்துபோன குறிப்புக்கு வரலாம். 2013, 2021 அறிவிக்கைகளின் அட்டவணைகளோடு சில விதிகள் இணைக்கப்பட்டுள்ளன. பட்டியல் வழிகாட்டுவதே அன்றி முற்றும் நிறைந்தது அன்று. ஒரு பணிப்பெயர் அதில் இல்லாததால் அப்பணி விலக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. இனங்காணப்பட்ட ஒரு பணியை ஒத்த தன்மையுடைய பணி வேறு பெயரில் இருந்தாலும் இனங்காணப்பட்டதாகவே கொள்ளப்படும். ஒரு குறைபாட்டு வகையினர் ஏற்கெனவே வகிக்கும் பணி அவ்வகையினருக்கு ஏற்றதாகத் தானாகவே கருதப்படும் என்பன அவற்றின் சாரம். கடைசி விதி வியப்புக்குரியது. மேலே அட்டவணை உடலுறுப்பைச் சான்றாகக் கேட்க, கீழே குறிப்பு அனுபவத்தைச் சான்றாக ஏற்கிறது. பார்வையற்ற ஒருவர் அப்பணியைச் செய்துகொண்டிருக்கிறார் என்றால் அதன்பின் குறியீடுகளுக்கு அங்கு வேலையில்லை.

முதல் நோக்கில் இவ்விதி ஒரு சுழல் போலத் தோன்றும்: உள்ளே ஒருவர் இருந்தால்தான் வாயில் திறக்கும், வாயில் திறந்தால்தான் ஒருவர் உள்ளே வர முடியும். சுழலை உடைக்கும் வழி சட்டத்தின் வேறோர் இடத்தில் உள்ளது. பணிக்காலத்தில் குறைபாடு அடைந்தவரைப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்யக் கூடாது என 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவும், அதன் வழிவந்த இன்றைய சட்டத்தின் 20(4)-ஆம் பிரிவும் தடுக்கின்றன. நீரிழிவாலோ கண்நீர் அழுத்த நோயாலோ விபத்தாலோ பணிநடுவே பார்வை இழந்த அலுவலர், பட்டியல் ஒருபோதும் பார்வையற்றோருக்கு ஏற்றதெனக் குறிக்காத பதவிகளிலும் இருப்பார். அவர் அதே பதவியில் தொடர்ந்தால் குறிப்பின்படி அப்பதவி இனங்காணப்பட்டதாகிவிடுகிறது; வல்லுநர் குழு கூடாமலேயே பட்டியல் விரிகிறது. ஆனால் அதே 20(4), பழைய பதவிக்கு அவர் ஏற்றவராக இல்லையெனில் ஊதியம் குறையாமல் வேறு பதவிக்கு மாற்றவும், அதுவும் இயலாதபோது மிகைப் பணியிடம் ஒன்றை, அதாவது அவருக்கென்றே தற்காலிகமாக உருவாக்கும் கூடுதல் பதவியை, அளிக்கவும் இடம் தருகிறது. ஊதியமும் ஓய்வூதியமும் காப்பாற்றப்படுவதால் இம்மாற்றத்தைப் பாதுகாப்பு என்றே முந்தைய ஆய்வுகள் வாசித்தன. தனிமனிதரை மட்டும் நோக்கினால் அவ்வாசிப்பு பிழையன்று. பட்டியலை நோக்கினால், ஒவ்வொரு மாற்ற ஆணையும் ஒரு பதவி இனங்காணப்படாமல் தடுத்த ஆணையாகிறது. ஏற்றவராக இல்லை என்ற முடிவுக்கு முன் எந்த மென்பொருள் தரப்பட்டது, கோப்புகள் எந்த வடிவில் தரப்பட்டன என்பது பதிவு செய்யப்படாத வரை, அம்முடிவை மருத்துவச் சான்றிதழின் நிழலாகவே கொள்ள நேர்கிறது.

பட்டியல் இல்லாவிட்டால் துறைகள் எல்லாப் பதவிகளையும் மறுத்துவிடும் என்பது இதற்கு எதிராக வழக்கமாக எழுப்பப்படும் வாதம். பட்டியல் இருக்கும்போதும் மறுத்துத்தான் வந்துள்ளன என்பதற்கு மேற்கண்ட வழக்குகளே போதும். பாதுகாப்பு கருதி விலக்க வேண்டிய பணிகள் உண்டே என்பாரும் உளர். காரணம் காட்டி அவற்றை விலக்கும் முறை சட்டத்தில் தனியாகவே உள்ளது, அதற்கு ஆயிரக்கணக்கான பணிப்பெயர்களை அடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் உரிமையியல் நீதிபதிப் பணி இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 2014-ஆம் ஆண்டுத் தேர்வில் அப்பணிக்குப் பார்வைக் குறைபாட்டின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை என வரம்பிடப்பட்டது. 40-க்குக் கீழ் இருப்பவருக்கு ஒதுக்கீடே இல்லை. முழுப் பார்வையின்மை 100 என்று அளக்கப்படும் முறையில், பத்துப் புள்ளி அகலமுள்ள ஓர் இடுக்கு மட்டுமே திறந்து வைக்கப்பட்டது. பணி இனங்காணப்பட்டதாகவே ஏட்டில் இருந்தது; இனங்காண்டல் என்ற பெயரிலேயே விலக்கம் நடந்தது. நீதிபதி சாட்சியைக் கவனித்து ஆவணங்களைப் படிக்க வேண்டியவர் என்ற காரணத்தை ஏற்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பைச் செல்லும் என்றது. 2021 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, நியாயமான ஏற்பாடு என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு கருதவில்லை என்றும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது முன்னுதாரணமாகாது என்றும் கூறியது. 2025 மார்ச் 3 அன்று, பார்வையற்றோரை நீதிப்பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதி நீக்கப்பட்டது.

இவ்வரிசையை முன்னேற்றம் என்று எழுதுவது எளிது. ஒரு பணிக்கு அது உண்மையும்கூட. ஆனால் நீதிமன்றம் ஒரு பணியை ஒரு வழக்கில் திறக்கிறது, பட்டியலோ ஆயிரக்கணக்கான பணிகளை அந்தந்த அலுவலகத்தில் நாள்தோறும் அளக்கிறது. வல்லுநர் குழு அடுத்த மறுஆய்வுக்கு அமரும்போது அட்டவணையின் நிரல்களிலிருந்து தொடங்காமல், 20(4)-இன் கீழ்ப் பார்வை இழந்த அலுவலர்களுக்கு வழங்கப்பட்ட மாற்ற ஆணைகளிலிருந்து தொடங்குமானால், எந்தெந்தப் பதவிகள் கண்ணால் அன்றிக் கோப்பின் வடிவத்தால் மூடப்பட்டன என்பதை அந்த ஆணைகளைக் கொண்டே வரிசைப்படுத்த இயலும்.