மாண்டரே விரிகுடா மீன்காட்சியகம்

மாண்டரே விரிகுடா மீன்காட்சியகம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் பெருங்கடலோரச் சிறுநகரான மாண்டரேயில் அமைந்துள்ள பொதுக் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஆகும். 1984 அக்டோபர் 20 அன்று இது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மூடப்பட்ட ஒரு மீன் பதனிடும் ஆலையின் நிலத்தில், ஒரேயொரு விரிகுடாவின் உயிரினங்களை மட்டுமே காட்டுவது என்ற நோக்கத்துடன் இது திட்டமிடப்பட்டது. இதனுடன் பிறந்த ஆய்வு நிறுவனமான மாண்டரே விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனம் 1987 இல் தனி அமைப்பாகத் தொடங்கப்பட்டது. பொழுதுபோக்குக் காட்சியகம் ஒன்றும் கடல் ஆய்வும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கலாம், எங்கே இடறலாம் என்பதற்கு இது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் இடம்.

அமைவிடமும் பின்னணியும்

மாண்டரே விரிகுடாவின் நடுவே, கரைக்கு மிக அருகிலிருந்து தொடங்கி, மாண்டரே கடலடிப் பள்ளத்தாக்கு செல்கிறது. இதன் ஆழம் 3,600 மீட்டர் வரை இறங்குகிறது. வேறு இடங்களில் ஆழ்கடலை அடையப் பல மணி நேரம் கப்பலில் செல்ல வேண்டும். இங்கு காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். வசந்த காலத்தில் காற்றினால் மேல்நீர் அகல, கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. விரிகுடாவின் உயிர்வளத்திற்கு இதுவே முதற் காரணம்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் நிலையம் 1892 முதல் இப்பகுதியில் இயங்குகிறது. 1917 இல் அது தற்போதைய முனைக்கு இடம்பெயர்ந்தது. அம்முனையில் அதற்கு முன் ஒரு சீன மீனவச் சிற்றூர் இருந்தது. 1906 இல் அது தீக்கிரையானது. அதனருகே கடற்கரையை ஒட்டிய தெருவில் மத்தி மீன் பதனிடும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1940களின் தொடக்கத்தில் ஒரே பருவத்தில் 2 இலட்சம் டன்னுக்கும் மேல் மத்தி இங்கு கரையேறியது. அப்பத்தாண்டு முடிவதற்குள் மத்தி காணாமற் போனது. அளவுமீறிய மீன்பிடிப்பும் கடல் வெப்பநிலையின் இயற்கை மாற்றமும் சேர்ந்து இதற்குக் காரணமாயின என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஜான் ஸ்டைன்பெக் 1945 இல் இத்தெருவின் பெயரில் ஒரு புதினம் வெளியிட்டார். அதில் வரும் உயிரியலாளர் பாத்திரம், இங்கு ஆய்வுக்கூடம் நடத்திய எட் ரிக்கெட்ஸ் என்பவரைத் தழுவியது.

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நார்வேயிலிருந்து வந்த குனூட் ஹோவ்டன் நிறுவிய ஆலையே கடைசியாக, 1973 இல் மூடியது. தன் ஆய்வு நிலையத்திற்கு அண்டையில் வேண்டாத கட்டுமானம் எதுவும் வந்துவிடக் கூடாதென்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் அந்நிலத்தை 1967 இலேயே வாங்கியிருந்தது. ஆலை ஓய்ந்த பின் அதனை என்ன செய்வது என்பதற்கு உடனடி விடை இல்லை.

திட்டத்தின் தோற்றம்

1970களின் பிற்பகுதியில் நான்கு கடல் உயிரியலாளர்கள் இவ்விடத்தில் மீன்காட்சியகம் அமைக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். நான்சி பர்னெட், ராபின் பர்னெட், ஸ்டீவ் வெப்ஸ்டர், சக் பாக்ஸ்டர் என்போரே அந்நால்வர். இவர்களுள் நான்சி, ஹியூலட்-பாக்கர்ட் கணினி நிறுவனத்தின் இணை நிறுவனரான டேவிட் பாக்கர்டின் மகள். கருத்து வீட்டு உரையாடலில் தோன்றி, பணம் வைத்திருந்த வீட்டாரின் காதுகளை எட்டியது என்று சொல்லலாம். இத்தகைய வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் கிட்டாது என்பதையும் சேர்த்தே இத்திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

1978 இல் இதற்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. டேவிட் பாக்கர்டும் அவர் மனைவி லூசில் பாக்கர்டும் கட்டுமானத்திற்காக அளித்த தொகை இறுதியில் 5.5 கோடி டாலர் ஆயிற்று. பாக்கர்ட் ஒரு நிபந்தனையை வைத்திருந்தார். கட்டித் தருவது தம் பொறுப்பு. திறந்த பின் நுழைவுக் கட்டணத்திலேயே காட்சியகம் தன்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மற்றொரு மகளான ஜூலி பாக்கர்ட், கடற்பாசிகளைப் பயின்றவர், தொடக்கம் முதல் பல பத்தாண்டுகள் செயல் இயக்குநராக இருந்தார்.

கட்டணத்தால் ஆய்வைத் தாங்கும் எண்ணம் புதியதன்று. செருமானிய விலங்கியலாளர் ஆன்டன் டோர்ன் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் நிறுவிய விலங்கியல் நிலையம், 1874 இல் தன் கீழ்த்தளத்து மீன்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பார்வையாளர் செலுத்தும் பணம் மேல்தளத்து ஆய்வாளர்களுக்கு உதவும் என்பது டோர்னின் கணக்கு. அது மட்டும் போதாமையால், ஆய்வு மேசைகளைப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுகளுக்கும் ஆண்டு வாடகைக்கு விடும் முறையையும் அவர் கொண்டுவந்தார்.

எதைக் காட்டுவது

அக்காலப் பெரிய காட்சியகங்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வண்ண மீன்களைச் சேர்ப்பதும், ஓங்கில்களைக் கொண்டு வித்தை காட்டுவதும் வழக்கம். மாண்டரே குழுவினர் இரண்டையும் தவிர்த்தனர். விரிகுடாவின் வாழிடங்களை, அதாவது பாறைக்கரை, மணற்கரை, சேற்றுநிலம், பாசிக்காடு, துறைமுகத் தூண்கள் ஆகியவற்றை, அவற்றில் வாழும் உயிர்களோடு முழுமையாகக் காட்டுவதே திட்டம். பார்வையாளர் வெளியே வந்தவுடன் கண்முன் விரியும் அதே கடலைத்தான் உள்ளே கண்டிருப்பார். பழுப்பு நிறப் பாறை மீன்களைப் பார்க்க யார் பணம் கொடுத்து வருவார் என்ற ஐயத்திற்கு அப்போது இடமிருந்தது. முன்கூட்டிச் செய்த மதிப்பீடு ஆண்டுக்குச் சில இலட்சம் பேரையே எதிர்பார்த்தது. திறந்த முதல் நாளிலேயே 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஆண்டு எண்ணிக்கையும் மதிப்பீட்டைப் பன்மடங்கு விஞ்சியது.

கட்டிடமும் நீரமைப்பும்

கட்டிட வடிவமைப்பைச் சான் பிரான்சிஸ்கோவின் எஷெரிக் ஓம்சி டாட்ஜ் டேவிஸ் நிறுவனம் செய்தது. புதிய கட்டிடம் பழைய ஆலையின் உருவத்தையே ஒத்திருக்கிறது. ஒரு பகுதி அலைகளுக்கு மேலே நீண்டு நிற்கிறது. ஆலையின் கொதிகலன்கள் காட்சிப் பொருளாகப் பேணப்படுகின்றன.

பொறியியல் நோக்கில் இங்கு கவனிக்கத்தக்கது நீர் வழங்கும் முறை. நிமிடத்திற்கு ஏறத்தாழ 7,500 லிட்டர் கடல்நீர் விரிகுடாவிலிருந்து நேரடியாக இறைக்கப்பட்டுத் தொட்டிகளின் வழியே ஓடி மீண்டும் கடலைச் சேர்கிறது. பகலில் இந்நீர் மணல் வடிகட்டிகளில் தெளிவிக்கப்படுகிறது. இல்லையேல் பார்வையாளருக்கு எதிர்ப்புறம் தெரியாது. இரவில் வடிகட்டாத நீரே விடப்படுகிறது. அந்நீரோடு மிதவையுயிர்களும், பாசி வித்துகளும், எண்ணற்ற இளவுயிரிகளும் உள்ளே வருகின்றன. வடிகட்டி உண்ணும் உயிர்களுக்கு அது உணவு. மீதமுள்ளவை பாறைகளில் ஒட்டி வளர்கின்றன. எனவே தொட்டிகளில் உள்ளவற்றுள் பல எவரும் கொண்டுவந்து வைக்காதவை. பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு நீர் என்ற இந்த எளிய ஏற்பாடு, பார்ப்பவரின் தேவையையும் வாழ்பவரின் தேவையையும் ஒரே குழாயில் தீர்த்துவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. குழாயின் உட்சுவரில் கொட்டலசுகளும் மட்டிகளும் படிவதால் அவற்றை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல்நீர் எஃகை அரிக்கும். செம்போ முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. ஆகவே உயிர்நீர் தொடும் இடங்களில் வீட்டுக் குழாய் வேலையின் வழமையான உலோகங்கள் பயன்படா.

பாசிக்காட்டுத் தொட்டி

8.5 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 12.6 இலட்சம் லிட்டர் கொள்ளளவும் உடைய இத்தொட்டி காட்சியகத்தின் மையமாகும். இராட்சதக் கெல்ப் எனும் பெரும் பழுப்புப் பாசியை இந்த அளவில் உள்ளே வளர்த்துக் காட்டியது இதுவே முதன்முறை. கெல்ப் வளரக் குளிர்ந்த நீர், சத்து, வெயில் ஆகியவற்றோடு நீரசைவும் தேவை. நிலைநீரில் அதன் இலைகளால் சத்தை உறிஞ்ச முடியாது. ஆகவே தொட்டியின் மேற்புறம் வானத்திற்குத் திறந்து விடப்பட்டது. நீரை முன்பின்னாகத் தள்ளும் அலைக்கருவி பொருத்தப்பட்டது. அலைக்கருவிகளுக்காக டேவிட் பாக்கர்டே தம் பட்டறையில் இறங்கி வேலை செய்தார். நாளொன்றுக்குச் சராசரியாக 10 செ.மீ. வளரும் கெல்ப்பை முக்குளிப்போர் அவ்வப்போது வெட்டிச் சீராக்குகின்றனர்.

ஆய்வு நிறுவனம்

காட்சியகம் வெற்றி பெற்ற பின் பாக்கர்ட் ஆழ்கடல் ஆய்வில் நாட்டம் கொண்டார். 1987 இல் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தை அவர் காட்சியகத்தின் ஒரு துறையாக வைக்கவில்லை. தனி நிர்வாகமும் தனி நிதியும் கொண்ட அமைப்பாக்கினார்; பின்னர் அது பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை ஒட்டிய மாஸ் லேண்டிங் என்னும் சிற்றூரில் நிலைபெற்றது. கருவி செய்யும் பொறியாளர்களும் அதனைப் பயன்படுத்தும் அறிவியலாளர்களும் சமநிலையில் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. கப்பலிலிருந்து இயக்கப்படும் வென்டானா என்ற ஆளில்லா நீர்மூழ்கி 1988 முதல் பள்ளத்தாக்கில் இறங்கியது.

நீர்மூழ்கிகள் எடுத்த ஒவ்வொரு நிகழ்படமும் உயிரினம், ஆழம், வெப்பநிலை முதலிய குறிப்புகளுடன் தரவுத்தளத்தில் பதியப்படுகிறது. பல்லாண்டுகள் பொறுமையாகச் சேர்ந்த இப்பதிவுகளைக் கொண்டே, நீர்நிரலில் காணப்பட்ட விலங்குகளில் 76 விழுக்காடு ஒளி உமிழ வல்லவை என்று 2017 இல் கணக்கிட முடிந்தது. தரவுக் குறிப்பு எழுதும் வேலை எவர் கண்ணிலும் படாதது. ஆயினும் இந்நிறுவனத்தின் பெருஞ்சொத்து அதுவே எனலாம்.

காட்சியகமும் தன்னளவில் ஆய்வு நடத்துகிறது. ஸ்டான்போர்டுடன் இணைந்து 1994 இல் சூரை மீன் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. கலிபோர்னியக் கடல் நீர்நாய், மென்மயிர் வேட்டையால் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1938 இல் மீண்டும் அறியப்பட்ட இனமாகும். தாயை இழந்த குட்டிகளை, காட்டுக்குத் திரும்ப இயலாத பெண் நீர்நாய்களிடம் விட்டு வளர்க்கும் முறை இங்கு 2001 இல் தொடங்கியது. அருகிலுள்ள எல்க்கார்ன் கழிமுகத்தில் 2002 முதல் 2016 வரை ஏற்பட்ட நீர்நாய்ப் பெருக்கத்தில் பாதிக்கும் மேல் இவ்வாறு வளர்ந்தவையும் அவற்றின் சந்ததியும் என 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது.

விவாதங்கள்

1996 இல் திறந்த கடலுக்கான பெருந்தொட்டி சேர்க்கப்பட்டது. அதில் 2004 செப்டம்பரில் விடப்பட்ட ஓர் இளம் வெண்சுறா 198 நாட்கள் வாழ்ந்தது. அதற்கு முன் எந்தக் காட்சியகத்திலும் வெண்சுறா இத்தனை நாள் பிழைத்ததில்லை. பார்வையாளர் பெருகினர், அப்பணத்தில் காட்டு வெண்சுறாக்களுக்குக் குறியிட்டு ஆராயவும் முடிந்தது. ஆனால் அச்சுறா உடனிருந்த வேறு சுறாக்களைக் கடித்துக் கொன்றதால் 2005 மார்ச்சில் கடலில் விடப்பட்டது. 2011 வரை மொத்தம் ஆறு சுறாக்கள் வைக்கப்பட்டன. இறுதியானது விடுவிக்கப்பட்ட சிறிது நேரத்திலேயே இறந்தது. அதன்பின் இம்முயற்சி தொடரவில்லை. ஆய்வுக்காகக் காட்சியா, காட்சிக்காக ஆய்வா என்ற கேள்வி இங்குதான் கூர்மையாக எழுந்தது. குறியிடல் தந்த தரவு மெய்யானது. எனினும் அதற்கு ஒரு சுறாவைத் தொட்டியில் வைத்தே ஆகவேண்டுமா என்பதற்கு நிறைவான விடை கிடைத்ததாகத் தோன்றவில்லை.

எந்த மீனை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பரிந்துரைக்கும் திட்டம் 1999 இல் தொடங்கியது. திமிங்கிலங்கள் மீன்பிடிக் கயிறுகளில் சிக்குவதைக் காட்டி 2022 இல் அமெரிக்கச் சிங்கி இறால் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேர்க்கப்பட்டது. மெய்ன் மாநிலச் சிங்கி இறால் தொழிலைச் சார்ந்தோர் இதனை எதிர்த்து 2023 இல் வழக்குத் தொடுத்தனர்.

கட்டணத்தை நம்பும் முறையின் மறுபக்கம் கொரோனாப் பெருந்தொற்றின் போது வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் மூடிய காட்சியகம் 2021 மே மாதம்தான் மீண்டும் திறந்தது. வாயில் வருமானம் முற்றாக நின்றது. பணியாளர் பலர் நீக்கப்பட்டனர். தொட்டிகளுக்கோ விடுமுறை இல்லை. இறைப்பான்கள் ஓடின, உயிர்களுக்கு உணவும் நாள்தோறும் தேவைப்பட்டது. அதன்பின், 2022 ஏப்ரலில், ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ஆழ்கடல் உயிரினக் காட்சி திறக்கப்பட்டது. இருளிலும் குளிரிலும், உயிர்வளி குறைந்த நீரிலும் வாழ்பவற்றை வைக்க, இம்முறை நீரிலிருந்து உயிர்வளியை நீக்கும் கருவிகளும் தேவையாயின.