கையில இல்ல, காதுல இருக்கு

2024 மே மாதம். மதுரை ரிங் ரோட்டில் வண்டியூர் டோல்கேட் பக்கம் ஒரு கார் போகிறது. ஓட்டுகிறவர் பிரபல யூடியூபர். பெயர் உங்களுக்கே தெரியும். தெரியாதவர்கள் வீட்டில் பத்தாங்கிளாஸ் பையன் இருந்தால் கேளுங்கள். செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டினார் என்பது புகார். இதை எந்தப் போலீஸ்காரரும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று படம் பிடிக்கவில்லை. அவருடைய வீடியோவே ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டது.

அண்ணாநகர் போலீஸ் வழக்குப் போட்டது. போட்ட பிரிவுகளில் ஒன்று, அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 308. கொலையாகாத மரணத்தை விளைவிக்க முயன்ற குற்றம். ஆள் கைதாகி, இரண்டொரு நாளில் ஜாமீனில் வந்தார்.

'போன் பேசினதுக்கா இவ்வளவு பெரிய செக்‌ஷன்?' என்று டீக்கடையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் போட்டது. அதில் செல்போன் என்ற வார்த்தையே கிடையாது. எப்படி இருக்கும்? இந்தியாவில் முதல் செல்போன் மணி அடித்ததே 1995 ஜூலை 31-ம் தேதிதான். கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு பேச, டெல்லியில் மந்திரி சுக்ராம் கேட்டார். அந்த நாளில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு! நான் பி.காம் படித்தவன், எதையும் விலையை வைத்துத்தான் பார்ப்பேன். 16 ரூபாய் கொடுத்து எவனாவது வண்டி ஓட்டிக்கொண்டே 'அப்புறம்... வேற என்ன விசேஷம்?' என்று கேட்பானா? வண்டியை ஓரங்கட்டி, விஷயத்தைச் சொல்லி, டொக்கென்று வைத்துவிடுவான். சட்டம் செய்யாத காவலை அன்றைக்கு ரேட் செய்தது.

2003-ல் அந்தக் காவல் போயிற்று. வரும் அழைப்பு இலவசம் என்றானது. அதே வருஷம் 501 ரூபாய் கட்டினால் போன் என்று ரிலையன்ஸ் கடைவிரித்தது. டவுன்ஹால் ரோடு முதல் மேலூர் சந்தை வரை எல்லார் காதிலும் போன். பேச்சின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. அபராதம்? 1988-ல் நின்ற இடத்திலேயே நின்றது. சாதாரண விதிமீறல் என்றால் 100 ரூபாய். 184-வது பிரிவில் 'ஆபத்தாக ஓட்டினார்' என்று கோர்ட்டில் நிரூபித்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய் அல்லது ஆறு மாத ஜெயில்.

நிரூபித்தால்! சிக்கலே அங்கேதான். பக்கத்துக் கேரளாவில் ஒருவர் போன் பேசியபடி ஓட்டிப் பிடிபட்டார். போலீஸ் சட்டத்தில், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்ததாக வழக்கு. அது கேரள ஹைகோர்ட் வரை போயிற்று. போன் பேசுவதை மட்டுமே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லையே, ஆபத்து எங்கே என்று 2018 மே மாதம் இரண்டு நீதிபதிகள் கேட்டுவிட்டார்கள். தீர்ப்பைக் குறை சொல்லாதீர்கள். இல்லாத வார்த்தையை நீதிபதி எங்கே போய்த் தேடுவார்?

வெளிநாட்டில் அந்த வார்த்தையைச் சீக்கிரமே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் புரூக்ளின் என்ற சின்ன ஊர் 1999-லேயே தடை போட்டது. 2001 நவம்பரில் நியூயார்க் மாநிலம். 2003 டிசம்பரில் பிரிட்டன். ஆனால் எல்லோரும் தடுத்தது போனைக் கையில் பிடிப்பதை. பேச்சை அல்ல.

இத்தனைக்கும் 1997-லேயே கனடாவின் டொரண்டோ நகரில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் பார்த்திருந்தார்கள். விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 பேர். அவர்களுடைய போன் பில்லையும் விபத்து நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்கள். (ஆடிட்டர் வேலை! எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி.) போன் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு நாலு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசுகிற போன் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு கூடியதா? கூடவில்லை. அதாவது ஆபத்து கையில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமில்லை. 2015-ல் ஹெல்மெட் கட்டாயமானதும் நம்மூர்க்காரன் ஒரு வழி கண்டுபிடித்தானே, போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்வது, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். ஒருநாள் சாயங்காலம் ஒத்தக்கடை தாண்டிப் போகிறேன். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் ஒழுங்காக இருக்கிறது. கண்ணும் ரோட்டில்தான். ஆனாலும் குறுக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளை எனக்குத் தெரியவே இல்லை. யாரோ கத்தினார்கள். பிரேக் பிடித்தேன். வண்டி நின்றபோது என் முன்சக்கரத்துக்கும் அவள் சைக்கிளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அந்தப் பிள்ளை என்னைத் திட்டக்கூட இல்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஹெல்மெட்டுக்குள் குரல் மட்டும், "ஹலோ... இருக்கியா?" என்றது.

சரி, சட்டத்துக்கு வருவோம். வார்த்தையைத் தேடி அலைந்த கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்குண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராஜசேகரன். உடைந்த எலும்பை ஒட்டிக்கொண்டே இருந்தால் போதாது என்று 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பலனாக 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் கமிட்டி வந்தது. 2015-ல் அந்தக் கமிட்டி மாநிலங்களுக்குச் சொன்னது: வண்டி ஓட்டும்போது போன் பேசினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வையுங்கள்.

கடைசியில் 2019-ல் சட்டத் திருத்தம். செப்டம்பர் 1 முதல் அமல். 184-வது பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியை உபயோகித்தாலே அது ஆபத்தாக ஓட்டியதுதான். தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. போன் வந்து 24 வருஷம் கழித்து வார்த்தை வந்தது! தமிழ்நாட்டில் புது அபராதம் 2022 அக்டோபர் கடைசியில்தான் அமலுக்கு வந்தது. முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000.

ஆனால் பாருங்கள், இங்கேயும் அதே 'கையில்'. போதாததற்கு, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், கவனம் சிதறாமல் இருந்தால் சரி என்று 2020 அக்டோபரில் மத்திய அரசு விதியையும் தளர்த்தியது. சிதறுகிறதா இல்லையா என்று யார் பார்ப்பது?

போன வாரம் காளவாசல் சிக்னலில் நிற்கிறேன். பக்கத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி. போன் ஹேண்டில்பார் ஸ்டாண்டில். காதில் புளூடூத். வாய் யாரோ கஸ்டமருக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறது, விரல் அடுத்த ஆர்டரை அமுக்குகிறது. விட்டால் வேறொருத்தனுக்குப் போய்விடுமாம். அவன் வருமானம் அது.

"ஏம்ப்பா, போலீஸ் புடிக்கமாட்டாங்களா?" என்றேன்.

"போன் கையில இல்லையேண்ணே" என்றான்.

பச்சை விழுந்தது. போய்விட்டான்.