ஒரு வெளிக்கள ஆட்டக்காரரின் வழக்கு

நம்மவர்க்குக் கிரிக்கெட் எவ்வாறோ, அமெரிக்க மக்களுக்குப் பேஸ்போல் அவ்வாறு. அவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெருவீரர்களின் பெயர்களையே நிரல்படுத்துவர். டானி கார்டெல்லா என்பாரின் பெயர் அந்நிரலில் இடம்பெறுவதில்லை. உயர்நிலைப் போட்டிகளில் அவர் ஆடியவை 169 ஆட்டங்கள் மாத்திரமே. ஆயினும், அவர் தொடுத்த ஒரு வழக்கு பேஸ்போல் முதலாளிமாரின் உறக்கத்தைக் கெடுத்தது.

1920ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்த கார்டெல்லா, இளமையிற் சிறு கழகங்களில் ஆடிப் புகழ் பெறாது மீண்டவர். பின் கப்பல் கட்டும் தளமொன்றில் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறந்த ஆட்டக்காரர் பலர் படையிற் சேர்ந்துவிட, வெற்றிடங்களை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. செவிக்குறை காரணமாகப் படைக்கு ஏற்கப்படாத கார்டெல்லாவுக்கு 1944இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் கழகத்தில் இடங்கிடைத்தது. களத்தின் பின்னெல்லையில் நின்று உயர எழும் பந்தைப் பிடிப்பதே வெளிக்கள ஆட்டக்காரரின் கடமை. அக்கடமையில் அவர் தேர்ந்தவரென்று எவரும் கூறார். ஆனால், துடுப்பெடுத்தால் வலிமை மிக்கவர். 1945இல் மட்டும் 18 முறை பந்தை எல்லைக்கப்பால் அடித்து ‘ஹோம் ரன்’ பெற்றார். கைகளால் நடப்பதும், இசைநாடகப் பாடல்களை உரத்துப் பாடுவதுமாக உடனாடுவோரை மகிழ்விப்பதும் அவர் இயல்பு.

போர் முடிந்தது. படைக்குச் சென்ற வீரர்கள் மீண்டனர். 1946ஆம் ஆண்டு ஊதியம் பற்றிக் கழகத்தாருக்கும் கார்டெல்லாவுக்கும் பிணக்கு மூண்டது. அவ்வேளையில் மெக்சிக்கோ நாட்டுச் செல்வரான ஹோர்ஹே பஸ்கெல், தம் நாட்டுப் போட்டிகளுக்கு அமெரிக்க ஆட்டக்காரரைப் பெரும் பணங் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்தார். ஜயன்ற்ஸ் கழகத்தின் புதிய ஒப்பந்தத்திற் கையொப்பமிடாமலே கார்டெல்லா மெக்சிக்கோ சென்றார். வேறு பலரும் சென்றனர். பேஸ்போல் ஆணையாளராக விளங்கிய ஹப்பி சான்ட்லர், அவ்வாறு சென்றோருக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தார்.

ஒப்பந்தத்தில் ஒப்பமிடாதவர் எவ்வாறு ஒப்பந்தத்தை மீறியவராவார் என்னும் வினா இங்கு எழுகின்றதன்றோ? இதற்கு விடை 1879ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு நடைமுறையில் உள்ளது. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது. ஆனால், ஆண்டு முடிவில் அதனைப் புதுப்பிக்கும் உரிமை கழகத்துக்கே உண்டு. அக்கழகம் விடுவித்தாலன்றி வேறெக்கழகமும் அவரைச் சேர்க்காது. கழகம் அவரை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம். அவரோ தாமாக விலகி வேறிடத்தில் ஆட இயலாது. சந்தையில் மாடு விற்போர்கூட மாட்டின் விருப்பத்தைக் கேட்பதில்லை. இங்கும் நிலைமை அதுவே. போதாக்குறைக்கு, பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதனைத் தீண்டாது என்று 1922இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்திருந்தது.

மெக்சிக்கோவிலிருந்து திரும்பிய கார்டெல்லாவுக்கு விளையாட்டு வாயில்கள் அனைத்தும் அடைபட்டன. தடைசெய்யப்பட்டோருடன் ஆடினால் தமக்கும் தடை வருமெனச் சிறு குழுவினரும் அஞ்சினர். மருத்துவமனையொன்றிற் கிழமைக்கு 36 டொலர் ஊதியத்தில் ஏவலாளராக வேலைபார்த்த அவர், 1947இல் பிரடெரிக் ஜோன்சன் என்னும் வழக்கறிஞரின் துணையுடன் 3,00,000 டொலர் கோரி வழக்குத் தொடுத்தார். 1948இல் கீழ்நீதிமன்றம் பழைய தீர்ப்பைக் காட்டி வழக்கைத் தள்ளியது. 1949 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவருள் இருவர், வழக்கு விசாரிக்கப்படல் வேண்டுமென்றனர். நீதிபதி லேர்னெட் ஹான்ட் காட்டிய காரணம் வானொலி நேயர்களுக்குச் சுவை பயப்பதாகும். ஆட்டங்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மாநில எல்லைகளைக் கடந்து ஒலிபரப்பாகின்றன. அவ்வுரிமைகள் விலைக்கு விற்கப்படுகின்றன. 1922இல் இல்லாத இவ்வணிகத்தைப் புறக்கணித்தல் கூடாது என்பதே அவர் கருத்து. நீதிபதி ஜெரோம் பிராங்கோ, ஊதியம் மிகுதியென்பதால் அடிமைத்தனம் நியாயமாகிவிடாது என்று கடுமையாகவே எழுதினார்.

முதலாளிமார் கலங்கினர். அதே ஆண்டு யூன் மாதத்தில் சான்ட்லர் தடையை நீக்கினார்; ஆனாலும் வழக்கு எஞ்சியிருந்தது. ஒக்டோபரில் கார்டெல்லா சமரசத்துக்கு இணங்கினார். பெற்ற தொகை 60,000 டொலர் எனப் பின்னாளில் வெளிப்பட்டது; அதில் ஏறத்தாழப் பாதி வழக்கறிஞருக்குச் சென்றது. கொள்கையை விற்றுவிட்டாரென அவரைக் குறைகூறுவது எளிது. வசதியற்ற ஒருவர், பல்லாண்டு நீளக்கூடிய வழக்கைத் தனியே சுமந்தார் என்பதையும், ஏனைய ஆட்டக்காரர் அவருக்குத் தோள்கொடுக்கவில்லை என்பதையும் அவ்வாறு கூறுவோர் எண்ணிப்பார்த்தல் தகும்.

1950இல் சென் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்துக்காக ஒரே ஒரு முறை துடுப்பெடுத்தாடினார், பயனில்லை. அத்துடன் உயர்நிலை ஆட்டம் முடிவுற்றது. பின்னர் உடலுழைப்பாலேயே குடும்பத்தைக் காத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றொரு வெளிக்கள ஆட்டக்காரரான கேர்ட் பிளட் தொடர்ந்தார். தம்மை வேறு கழகத்துக்கு மாற்றியதை எதிர்த்து 1970இல் அவர் தொடுத்த வழக்கும் 1972இல் உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கிற் தோற்றது. இறுதியில் 1975 டிசம்பரில், பீற்றர் சைற்ஸ் என்னும் நடுவர் இரு பந்துவீச்சாளர்களின் முறைப்பாட்டை விசாரித்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை ஓராண்டுக்கு மட்டுமே உரியதெனத் தீர்ப்பளித்தார். ஆட்டக்காரரின் ஊதியம் அதன்பின் பன்மடங்காகப் பெருகியது. கார்டெல்லா 2005 மார்ச்சு மாதத்தில், தமது எண்பத்தைந்தாம் வயதிற் காலமானார்.